அரை நிமிசம் கம்முனு இருங்க

இன்னாம்மா, இன்னாப்பா, எல்லாரும் எப்டி கீறீங்க? ஒடம்பு தேவலையா? புள்ளைங்க சோறு ஒழுங்கா துன்னுதுங்களா? இங்க எண்ணூரு பக்கம் காலீல ஏந்து கதவத் தொறந்தா பனியா பொகையானே தெர்ல, எதுத்த வூடு காணாம பூடுது. மூச்ச இஸ்தா நெஞ்சுல கரகரங்குது. உங்களுக்கும் இருமலு கிருமலு இருந்தா ரவ ஓமத்த வறுத்து துணில கட்டி மோந்து பாருங்க, அடங்கும். நான் இன்னிக்கி சொல்ல வந்ததும் ஒரு மூச்சப் பத்திதான்.

பவுனம்மா வூட்டு சமாச்சாரம் இது. அவ வூட்டுக்கும் என் வூட்டுக்கும் நடுவுல ஒரு ஓலத் தட்டிதான். அவ வெங்காயம் அரிஞ்சா எனக்கு கண்ணு எரியும், அவ்ளோ கிட்ட. அவ புருசன் குமாரவேலு. பைபர் போட்டு வெச்சிகினு நண்டு வல, கவல மீனு வல போடுவாரு. ஒரே பொண்ணு பவானி, வண்ணாரப்பேட்டைல ஜவுளிக் கடைல நின்னுகினு கீது. குமாரவேலு பேச்சு கீதே, அது ஊருக்கே தெரியும். கடல்ல நின்னு பேசினா கரைல குந்திகினு கீற நமக்கு காது கூசும். பவுனு திட்டுவா, "யோவ், உன் வாய்க்கு ஒரு நங்கூரம் கட்டி எறக்குயா"னு. "நங்கூரம் கட்டினா கயிறு அறுந்துடும்டி"ம்பாரு. அப்பேர்ப்பட்ட வாயி.

எங்க குப்பத்துக்கு வடக்கால ஒரு கம்பெனி கீது. பெரிய காம்பவுண்டு, பச்ச கலர்ல கேட்டு. பச்ச கேட்டுனுதான் சொல்லுவோம். மெய்யான பேரு இங்கிலீஸ்ல நீளமா போட்டுகீது, வாய்ல நொழியாது. மொதலாளி வெளிநாட்டுக்காரன். உள்ள இன்னா செய்றாங்கனு கேட்டா ஒர்த்தன் பெயிண்டுக்குப் போட்ற சரக்குங்கறான், ஒர்த்தன் ஒரம்ங்கறான். கப்பல்ல வர்றத கடலுக்கு அடில போட்ட பைப்பு வழியா இஸ்து உள்ள வெச்சிக்குவாங்க. ஏதாச்சும் லீக் ஆச்சுனா சங்கு ஊதணும்னு சட்டம். மாசம் ஒருக்கா பத்து மணிக்கு ஊதிப் பாப்பாங்க. அந்த சங்கு கேட்டாத்தான் எனக்கு ஒல வெக்கவே நெனப்பு வரும்.

போன கார்த்திகைல ஒரு நாளு விடிஞ்சி விடியாத நேரம், குமாரவேலு முகத்துவாரத்தாண்ட நண்டு வலய எடுத்துகினு இருந்துகீறாரு. பைப்பு பக்கம் தண்ணி கொதிக்கிற மாதிரி குமிழ் வுட்டுச்சாம். அப்பால வெள்ளையா ஒண்ணு, தண்ணி மேல படுத்துகினே வந்துச்சாம். பனினு நெனச்சாரு மனுசன். மூஞ்சில வந்து பட்டப்போதான் பனி இல்லனு தெரிஞ்சிது. வலய அறுத்துட்டு கரைக்கு வந்து மண்ணுல வுழுந்தாரு. அன்னிக்கி மடவ மீனு, கெளங்கா, சின்ன எறா எல்லாம் வெள்ள வயித்த காட்டிகினு ஒதுங்கிச்சு. காக்கா கூட கிட்ட வர்ல. சங்கு மட்டும் ஊதல.

ஊரே கொதிச்சிது. எங்க ஊரு நிர்வாகி ரவிக்குமாரு ஆளுங்கள சேத்துகினு பச்ச கேட்டு வாசல்ல குந்தினாரு. ஆபீசருங்க வந்தாங்க, விசாரண வெக்கிறோம்னாங்க. பைப்புல இருந்து வந்தத கண்ணால பாத்தவரு குமாரவேலு ஒர்த்தருதான். அதனால டிவிக்காரங்க வந்தப்போ எல்லாரும் அவரு வூட்டதான் கை காட்டினாங்க. பெரிய டிவி அது. பேரு சொல்ல மாட்டேன், உங்க வூட்லயும் ஓடும்.

மைக்கு புடிச்ச பொண்ணு ஒண்ணு, கேமராக்காரன் ஒர்த்தன், சத்தம் புடிக்கிற பையன் ஒர்த்தன். அந்தப் பையன் பேரு ஜீஷான், முப்பது வயசு இருக்கும், கல்யாணம் ஆயி ஒரு பொண்ணு கீது. காதுல பெருசா மாட்டிகினு, நீள குச்சி முனைல மயிரு வெச்ச மைக்க தூக்கிகினு வந்தான். குமாரவேலு வுடுவாரா?

"இன்னா பாய், பூனைய குச்சில சொருகிகினு வந்துகீற?"

"காத்து சத்தம் அடிக்காம இருக்கதாண்ணே."

"கடலாண்ட வந்து காத்து வாணாங்கற. மாமியாரு வூட்டுக்கு வந்து பொண்ணு வாணாங்கற கத."

அந்தப் பையன் சிரிச்சதுல மைக்கு ஆடிச்சு. எந்த ஊரு நைனானு கேட்டாரு. வண்ணாரப்பேட்ட, பட்டன் கட மாடில வூடுன்னான். அங்கதான் என் பொண்ணு நிக்கிதுனு இவரு, எந்தக் கடனு அவன், அப்பிடியே பேச்சு ஓடிச்சு.

கொல்லப்பக்கம் வலயப் பரப்பி வெச்சி அது மேல அவர குந்த வெச்சாங்க. நானும் தட்டி ஓரமா நின்னு பாத்தேன். எல்லாத்தயும் சொன்னாரு. பச்ச கேட்டு பேர அந்தப் பொண்ண வுட்டு படிக்க சொல்லி முழுசா சொன்னாரு. எத்தினி மணி, பைப்பு எந்தப் பக்கம், சங்கு ஊதாதது, எல்லாம். அந்த வெள்ளப் பொக பட்டதுல இருந்து நடுநடுவுல மூச்சு வாங்கும். ஈ...னு ஒரு இஸ்து, டிக்குனு ஒரு நிப்பு, அப்பால வுடுவாரு. சைக்கிள் டியூப்ல வால்வு லூசா கீறா மாதிரி. அந்தப் பொண்ணு கேட்டுச்சு, "முன்னாடியே இருமல் இருந்துச்சா, பீடி குடிப்பீங்களா?"

"பீடி புடிச்சேன். மெய்தான். என் பவானி பொறந்தப்போ வுட்டது, இருவத்தி ரெண்டு வருசம் ஆச்சு. கம்பெனிக்காரங்க ஸ்கூலுக்கு பெஞ்சு குடுத்தாங்க, நல்லது பண்ணாங்க, அத்தயும் இல்லேங்கல. ஆனா பெஞ்சு குடுத்துட்டு அதுல குந்தற புள்ளைக்கு மூச்ச அடைச்சா இன்னா நாயம்?"

நான் தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்தே கை தட்டிட்டேன்.

எல்லாம் முடிஞ்சி மூட்ட கட்ட சொல்ல ஜீஷான் கைய தூக்கினான். "எல்லாரும் அரை நிமிசம் கம்முனு இருங்க. இந்த எடத்து சத்தத்த தனியா புடிச்சிக்கணும்."

"கம்முனு இருந்தா இன்னா பாய் சத்தம் வரும்?" குமாரவேலுதான்.

"அந்த சும்மாதாண்ணே எனக்கு வேணும். நாளிக்கி உங்க பேச்சுல தும்மலு கிம்மலு வந்தா வெட்டுவோம். அங்க ஓட்ட வுழுந்துடும். அந்த ஓட்டைல இந்த சும்மாவ வெச்சி ஒட்டிடுவோம். வெட்டினதே தெரியாது."

"ஓ. வல கிழிஞ்சா தைக்கிறா மாதிரி."

"அதேதாண்ணே."

எல்லாரும் நின்னோம். குமாரவேலு வாய மூடி நான் பாத்ததே அன்னிக்கிதான். அல அடிக்கிது, அவரு மூச்சு ஈ...னு போய் வருது. எல்லாம் அடங்கி நிக்க சொல்ல என் ஆடு கீதே, அது மட்டும் டொணக்கு டொணக்குனு தலய ஆட்டுது. மணி வாங்க முடியாம கழுத்துல ஒரு டம்ளரு மூடில ஆணியக் கோத்து கட்டி வெச்சிருந்தேன். மானம் போவுதேனு அத்த இஸ்துகினு நான் முன்னால பக்கம் ஓடிட்டேன். பவுனு உள்ள கொழம்ப எறக்கிகினு இருந்தா. அப்பால அங்க இன்னா பேசிகினாங்கனு நாங்க ரெண்டு பேரும் கேக்கல. இத்த மனசுல வெச்சிக்கங்க.

ஜீஷானுக்கு காணாங்கத்த கொழம்பு ஊத்தி சோறு போட்டா பவுனு. மாங்கா போட்ட கொழம்பு. வெரல நக்கினான் புள்ள. எங்க அம்மாக்கு நெத்திலிக் கருவாடுனா உசுருன்னான். குமாரவேலு ஒரு பொட்டலம் கட்டி கைல குடுத்து, "அம்மாவ கேட்டேனு சொல்லு பாய்"னு தோள தட்டி அனுப்பினாரு.

ஒரு வாரம் கயிச்சி சாயங்காலம் போட்டானுங்க. ஊரே டிவி முன்னால. பவுனு வூட்ல நான், பவானி, அவ, நடுவுல அவரு, சட்டையெல்லாம் போட்டுகினு மாப்ளையாட்டம் குந்திகினாரு.

வந்துச்சு. கடலு, போட்டு, செத்த மீனு ஒரு வாட்டி. "எண்ணூர் பகுதியில் வாசனை"னு எழுத்து ஓடிச்சு. லீக்குனு இல்ல, வாசனையாம். அப்பால குமாரவேலு மூஞ்சி. "பீடி புடிச்சேன். மெய்தான்." கடல காட்டினான். "கம்பெனிக்காரங்க ஸ்கூலுக்கு பெஞ்சு குடுத்தாங்க, நல்லது பண்ணாங்க." மறுபடி கடலு. முடிஞ்சிது. சங்கு வர்ல. பைப்பு வர்ல. பச்ச கேட்டு பேரே வர்ல. சோப்பு விளம்பரம் வந்துச்சு.

"மிச்சம் நாளிக்கி போடுவாங்கப்பா"னு பவானிதான் சொல்லிச்சு. அவரு சட்டைய கயட்டி ஆணில மாட்டினாரு.

ரெண்டு நாளு கயிச்சி டீக்கடைல ரவிக்குமாரு அவர புடிச்சிகினாரு. நான் பால் வாங்க போயிருந்தேன்.

"வாய்யா பெஞ்சு. நல்லது பண்ணவங்க எப்டி கீறாங்க?"

"டேய் ரவி, நான் எல்லாம் சொன்னேன்டா. எடுத்துட்டானுங்கடா."

"அது உன் மூஞ்சிதானே?"

"மூஞ்சி என்துதான்..."

"உன் வாயிதானே? வேற எவன் வாயனா வாங்கியாந்து உன் மூஞ்சில ஒட்டினானுங்களா? நாங்க இருவது நாளா வெயில்ல குந்திகினு கீறோம். கம்பெனி வக்கீலு விசாரண ஆபீசர்கிட்ட உன் வீடியோவதான்யா போட்டுக் காட்டறான். உங்க ஆளே சொல்லிட்டான், பீடினு!"

"அக்காவ கேளுடா. அக்கா நின்னுச்சு."

நான் சொன்னேன், மெய்யாலுமே சொன்னேன், அந்தாளு அப்டி சொல்லலப்பானு. "ஆயா, நீ பக்கத்து வூட்டு கொழம்புக்கு பேசற"ன்னான் ஒர்த்தன். எல்லாரும் சிரிச்சானுங்க. அதுக்கு மேல நானும் பேசல. பேசி இருக்கணும். அங்கயே பால் சொம்ப கவுத்துட்டு கத்தி இருக்கணும். இப்ப சொல்லி இன்னா?

அப்பால அவரு குந்தற பெஞ்சுல ஒர்த்தனும் குந்தல. வல இஸ்க்க கூப்புட்றது நின்னு போச்சு. கோயிலு கூட்டத்துக்கு சொல்றதில்ல. டிவி ஆபீசுக்கு போன் போட்டு போட்டுப் பாத்தாரு. ஒரு வாட்டி அந்த மைக்கு பொண்ணு எடுத்து, "மேல கேட்டு சொல்றேன் அங்கிள்"னுச்சு, அப்பால எடுக்கவே இல்ல. அந்த வாயி இருந்துச்சே, அது கொறஞ்சிகினே வந்துச்சு. தை மாசம் வர சொல்ல தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்கு அவரு மூச்சு மட்டும்தான் கேக்கும். ஈ... டிக்கு. அத்த கேட்டுகினேதான் நான் தூங்குவேன்.

ஒரு சனிக்கெழம காலீல பவுனு சுடுதண்ணி எடுத்துகினு போனா. அவரு பூட்டாரு.

எங்க குப்பத்துல ஒரு வயக்கம் கீது. யாரு செத்தாலும், கெயவியோ கொயந்தையோ, பொணத்த எடுக்கிற வரைக்கும் ஒரு போட்டு கடலுக்கு போவாது. சண்டக்காரன் செத்தா கூட போவாது. காணாங்கத்த ஆயிரமா வந்து கரைய மோதினாலும் போவாது. யாரும் சொல்ல வேணாம், தானா நின்னுடும்.

அன்னிக்கி பவுனு அவரு தலமாட்டுல குந்திகினு கீறா. நான் வெளக்கு ஏத்தறேன். டுடுடுடுனு எஞ்சின் சத்தம். ஒண்ணு. அப்பால ரெண்டாவது. அப்பால வரிசையா. பவுனு தலய தூக்கி என்ன பாத்தா. "அக்கா, போட்டு போவுதுக்கா"ன்னா. அவ்ளோதான். அழுவல. எடுக்க வந்தது அவ அண்ணன் தம்பிங்க, பவானி கடைல வேல செய்ற பொண்ணுங்க ரெண்டு. அவ கண்ணுல ஒரு சொட்டு தண்ணி வர்ல. அத்தயும் ஊரு பேசிச்சு.

கருமாதி முடிஞ்சிது. பவுனு மறுபடி கூடய தூக்கிகினு திருவொத்தியூரு மார்க்கெட்டுக்கு போவா, மத்தியானம் வந்து டிவியப் போட்டுகினு எறா உரிப்பா. அதே டிவி, அதே சேனலு. "இன்னும் ஏன்டி அந்த எயவ பாக்கற"னு கேட்டேன். "என்னிக்காச்சும் மிச்சத்த போடுவாங்கக்கா. நான் இல்லாதப்போ போட்டுட்டா?"ன்னா.

மாசி மாசம் ஒரு நாளு தட்டிய வெலக்கிகினு ஓடியாந்தா. கையெல்லாம் எறா ஓடு. "அக்கா, அவரு டிவில மூச்சு வுட்றாருக்கா."

"இன்னாடி ஒளர்ற."

"பழவேற்காட்டுல ஒரு பொம்பள பேசறா. பேசசொல்ல நடுவுல அவரு மூச்சு வந்துச்சு. ஈ...னு இஸ்து, டிக்குனு நின்னுச்சு. எனக்கு தெரியாதா? இருவத்தி அஞ்சு வருசம் கூட படுத்தவ, கார்த்திகைல இருந்து ராவெல்லாம் அத்ததானே கேட்டேன்."

நான் இன்னா செய்வேன்? பவானிகிட்ட சொன்னேன். அது அழுதுகினே அம்மாவ டாக்டராண்ட இட்டுனு போச்சு. தூக்க மாத்திர குடுத்தாங்க. மாத்திர போட்டும் நாலு நாளைக்கு ஒருக்கா ஓடி வருவா. "காசிமேட்டு ஆளு பேச்சுல வந்துச்சுக்கா." "காட்டுப்பள்ளினு சொன்னாங்க, அதுல ரெண்டு வாட்டி." ஒரு நாளு சொன்னா, "அக்கா, அவரு கண்ட எடத்துல வர்றதில்ல. யாராச்சும் ஏதோ சொல்ல வர்றாங்க, சொல்றதுக்குள்ள கடல காட்றான், அங்கதான் வர்றாரு."

அத்த கேட்டும் நான் நம்பல.

ஒரு மத்தியானம் அவ கூட குந்திகினு எறா உரிச்சேன். ராயபுரத்துக்காரி ஒர்த்தி டிவில. ஹார்பரு யார்டுல இருந்து கருப்பு தூசி வூட்டுக்குள்ள வருதாம். "எங்க புள்ளைங்க துப்பினா கருப்பா வருது சார். இதுக்கெல்லாம் காரணம்..." கடல காட்டினான். அலச் சத்தம். பவுனு சத்தத்த ஏத்தி வெச்சி என் கைய அழுத்திப் புடிச்சா. ஈ...னு கேட்டுச்சு. டிக்கு. எனக்கும் கேட்டுச்சுங்க. அப்பவும் நான் காத்து கீத்தா இருக்கும்னு மனச தேத்திகினேன். அதுக்குள்ள வந்துச்சு பாருங்க.

டொணக்கு டொணக்கு.

என் ஆடு. டம்ளரு மூடி. அந்த ஆட்ட நான் பொங்கலுக்கு முன்னாடியே வித்துட்டேன். அது வித்த எடத்துல உசுரோட கீதோ இல்லையோ, ராயபுரத்துக்காரி பேச்சுல தலய ஆட்டிகினு நிக்கிது. கைல இருந்த எறாவ போட்டுட்டு நான் ஏந்துட்டேன்.

"பவுனு, பொடவ மாத்து. வண்ணாரப்பேட்டைக்கு போலாம்."

ஷேர் ஆட்டோ புடிச்சி, தேரடில மெட்ரோ ஏறினோம். அவ அன்னிக்கிதான் மெட்ரோவுல மொத வாட்டி ஏறினா. உள்ள ஐஸு மாதிரி ஜில்லுனு. ஒர்த்தரும் பேசல. "இன்னாக்கா, எல்லாம் கம்முனு கீறாங்க"னு என் காதுல கேட்டா. வெள்ளிக்கெழம. பட்டன் கட மாடினு கேட்டு கேட்டு, ஜிப்பு, லேஸு, ரிப்பன் தொங்கற சந்துக்குள்ள போய் சேர சொல்ல தொழுவ முடிஞ்சி ஆளுங்க வந்துகினு இருந்தாங்க. கதவ தொறந்தது ஜீஷான் அம்மா, சாபிரா. வாங்கம்மா, உள்ள வாங்க, யாரு நீங்கனு பாய போட்டாங்க. பின்னாலயே அவன் வந்தான், தலைல தொப்பி. பவுன பாத்ததும் கதவு நெலய புடிச்சிகினான்.

"அண்ணன் எப்டி கீறாரு?"னு கேட்டான். கேக்கசொல்லவே அவனுக்கு தெரிஞ்சி போச்சு.

"தை மாசம் பூட்டாரு பாய்"னா பவுனு. "பூட்டாரு. ஆனா உங்க டிவில மூச்சு வுட்டுகினு கீறாரு. அது இன்னானு கேக்க வந்தேன்."

அவன் தரைல குந்திட்டான். "உங்களுக்கு கேட்டுச்சா?"

"எனக்கு கேக்காம வேற யாருக்கு கேக்கும்?"

"நான்தான் வெட்டினேன் ஆயா"னு என்ன பாத்து சொன்னான், அவள பாக்க முடில அவனுக்கு. "உங்க ஊருக்கு வந்தது வியாயக்கெழம. திங்கக்கெழம மேல இருந்து ஒரு லிஸ்டு வந்துச்சு. யாரும் அதட்டல, மரியாதையாதான் எழுதி இருந்தாங்க. பச்ச கேட்டோட மொதலாளி கம்பெனி கீதில்ல, வெளிநாட்டுல, அவங்க எங்க டிவில நாலுல ஒரு பங்கு வாங்கறாங்க. பேச்சு முடியற வரைக்கும் இந்த வார்த்தைங்க வந்தா எடுத்துடுங்கனு. கம்பெனி பேரு. லீக்கு. பைப்பு. சங்கு. பக்கத்துலயே மாத்து வார்த்த போட்டு இருந்துச்சு. லீக்குக்கு வாசன."

"பங்கு வாங்கி முடிச்சிட்டாங்களா?"னு கேட்டேன்.

"முடிச்சிட்டாங்க. லிஸ்டு நிக்கல. ஹார்பர்ல அவங்களுக்கு ஒரு யார்டு கீது, அது வந்துச்சு. அப்பால அவங்க கூட்டாளிங்க கம்பெனி. கடலோரத்துல இருந்து எது வந்தாலும் எனக்கு வெட்ற வேலதான். வெட்டின எடத்த மூட கடலு சத்தத்தோட நல்ல சும்மா என்னாண்ட அது ஒண்ணுதான் இருந்துச்சு. அண்ணன் வூட்ல புடிச்சது."

"அவரு மூச்சு அதுல கீதுனு உனக்கு தெரியுமா?"

"ஹெட்போன்ல நல்லா கேக்கும்." மூக்க தொடச்சிகினான். "மொதல்ல அவசரத்துல போட்டேன். அப்பால வேற சும்மா கெடச்சிது. இருந்தும் இத்தயேதான் போட்டேன். ஏன்னு கேட்டீங்கனா எனக்கு சொல்ல தெர்ல. என் பொண்ணு தூங்கசொல்ல மூச்சு வுடுமே, அத்த கேட்டா கூட ஏந்து வெளில பூட்றேன்."

சாபிரா அப்ப சொன்னாங்க, "அந்த நெத்திலிக் கருவாடு குடுத்தாரே, அவரா?"

"ஆமாம்மா."

"நாலு நாளு வெச்சி துன்னோமேடா ஜீஷான்." மகன பாத்துகினே இருந்தாங்க. "துன்ன கையால வெட்டினியாடா?"

பவுனு கேட்டா, "அவரு முழுசா பேசினது எங்க பாய்?"

"இல்லக்கா. எல்லா எடத்துலயும் அழிச்சிட்டாங்க. ஒண்ணு வுடாம நின்னு அழிச்சாங்க. பேச்சத்தான் அழிக்க சொன்னாங்க. சும்மாவ யாரும் கேக்கல."

கம்ப்யூட்டர தொறந்து வெச்சான். கீழ பட்டன் கடைல பேரம் பேசற சத்தம், ஜன்னல சாத்தினாங்க சாபிரா. அல அடிச்சிது. எங்க ஊரு அல. வண்ணாரப்பேட்ட மாடில. ஈ...னு இஸ்தாரு. டிக்கு. வுட்டாரு. பவுனு முந்தானைய வாய்ல வெச்சிகினா. அவரு இஸ்க்கசொல்ல இவளும் இஸ்க்கறா, அவரு வுடசொல்ல இவளும் வுட்றா. டொணக்கு டொணக்கு. என் செருப்பு சத்தம் ஓடுது. அரை நிமிசம் ஆயிட்சினு நெனச்சேன். அவன் நிறுத்தல.

அதுல குமாரவேலு பேசினாரு.

"போதுமா பாய்? நான் சொன்னதெல்லாம் வருமில்ல? பச்ச கேட்டு பைப்புல இருந்துதான் வந்துச்சு, சங்கு ஊதலனு சொன்னேனே, அது வருமில்ல? ஊரு பாக்கும் நைனா. அது மட்டும் வுட்டுடாத."

அதுக்கு ஜீஷான் கொரலு, "எல்லாம் வரும்ணே. நான் கீறேன்ல."

டக்குனு நின்னு போச்சு. கம்ப்யூட்டர மூடிகினு அவன் சுவத்துல தலய முட்டிகினு அழுதான். பவுனு அழுவல. "திருப்பி போடு"ன்னா. போட்டான். "இன்னொரு வாட்டி." மூணு வாட்டி கேட்டா. அப்பால சொன்னா, "இத்த என் கைல குடுக்காத. நீயே வா. நீயே எங்க ஊர்ல போடு. நான் போட்டா செத்தவன் பொஞ்சாதி ஏதோ கொண்டாந்துட்டாம்பாங்க."

"என் வேல பூடும்க்கா."

"பூடும்"னா அவ.

சாபிராதான் அவன் சட்டைய ஆணில இருந்து எடுத்து மடில போட்டு, ஞாயித்துக்கெழம போடானாங்க.

ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆம்பளைங்கல்லாம் கரைல வல தைக்கிற நேரம். கோயிலு மைக்க குடுக்க ரவிக்குமாரு ஒத்துக்கல. "செத்தவர வெச்சி இன்னா பஞ்சாயத்து? நீ யாருயா?"

"அவரு பேச்ச வெட்டினவன்"னான் ஜீஷான்.

ரவிக்குமாருக்கு ஒண்ணும் புரில. அதுக்குள்ள பவுனு போய் மைக்கு செட்டு முன்னால குந்திகினா. பொம்பளைய கைய புடிச்சி இஸ்க்க முடியுமா? வுட்டாரு.

கோயிலு கொயாய் ரெண்டும் கடல பாத்துதான் கட்டி கீது, புயலு சேதி சொல்ல. அதுல வந்துச்சு அவரு மூச்சு. கடலு மேல ஈ...னு போச்சு. ஊசிய கைல வெச்சிகினே எல்லாரும் நிமிந்தாங்க. ஒர்த்தன் சிரிச்சான், ஆட்டு மணி கேட்டு. அப்பால அந்தக் கொரலு. கடல்ல பேசினா கரைல கேக்குமே, அந்தக் கொரலு. ஊரு பாக்கும் நைனா.

முடிஞ்சிது. யாரும் யாரயும் பாக்கல. ரவிக்குமாரு மைக்கு செட்டு சுச்சிய அணைக்க மறந்து நின்னாரு, கொயாய்ல ஒய்ங்குனு கேட்டுகினே இருந்துச்சு. ஜீஷான் அவராண்ட கைய கூப்பிகினு நின்னான். அவரு அவன அடிக்கல. திட்டல. "அது உன் வாயிதானேனு கேட்டேன்"னு சொன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு. வூட்டுக்கு பூட்டாரு.

மறுநா காலீல நான் சாணி தெளிச்சிகினு கீறேன். ஏதோ கொறையுதே, இன்னா கொறையுதுனு தெர்ல. காக்கா கத்துது. கொழாய்ல தண்ணி சொட்டுது. பவுனு கதவ தொறந்துகினு வெளில வந்து நின்னா, தலய சாச்சி கேட்டா. கரப்பக்கம் நடந்தா. நானும் பின்னாலயே போனேன்.

வெடிஞ்சி மணி ஏழு. காத்து நல்லா கீது, கவல மீனு வர்ற நாளு. அத்தினி போட்டும் மணல்ல குந்திகினு கீது. ஒரு எஞ்சின் பேசல. யாரும் யாருக்கும் சொல்லல. ரவிக்குமாரு அவரு போட்டாண்ட சாவிய கைல வெச்சிகினு தலய குனிஞ்சி குந்தி இருந்தாரு. நாங்க போனதும் ஏந்து நின்னாரு. எல்லாரும் ஏந்து நின்னாங்க.

பவுனு மணல்ல வுழுந்தா. "அக்கா, இன்னிக்கிதான்க்கா அவரு செத்தாரு"னு ஒரு கத்து கத்தினா. மாருல அடிச்சிகினு, ரெண்டு மாசத்து அழுவைய அன்னிக்கி அழுதா. யாரும் தடுக்கல. பொம்பளைங்க சுத்தி குந்தி கூட அழுதாங்க.

ஜீஷானுக்கு வேல பூட்சி. அம்மாவாண்டயே பட்டன் கடைல கீறான் இப்போ. விசாரண ஆபீசர்கிட்ட அந்த சத்தத்த குடுத்தோம், வாங்கி ஒரு கவர்ல போட்டு ஒட்டி வெச்சாரு, இன்னா ஆச்சுனு இது வரைக்கும் தெர்ல. பச்ச கேட்டு ஓடிகினுதான் கீது.

வேல போனதுக்கு அப்பால ஒரு நாளு ஜீஷான் பவுனுகிட்ட கேட்டான், "அந்த சும்மா இன்னும் டிவி ஆபீசுலதான்க்கா கீது. எனக்கு அப்பால வந்த பையனும் கடலுனா அத்ததான் எடுத்துப் போட்றான். அவன்கிட்ட சொல்லி அழிச்சிட சொல்லட்டுமா?"

பவுனு எறா உரிச்சிகினே சொன்னா, "வாணாம். அவரு சொன்னதுல அத்த ஒண்ணுதானே போட்றானுங்க. போடட்டும். எங்க வெட்றானுங்கனு தெரியணும்ல."

அதனாலதான் இத்த உங்களுக்கு எழுதறேன். நாங்க ரெண்டு பேரும் ஒரே சேனல எத்தினி நேரம் பாப்போம் சொல்லுங்க. உங்க வூட்டு டிவிலயும் கடலாண்ட ஆளு யாராச்சும் பேசிகினே இருந்து, டக்குனு அலய காட்டினானுங்கனா, சத்தத்த ரவ ஏத்தி வெச்சி கேளுங்க. ஈ...னு ஒரு இஸ்து, டிக்குனு ஒரு நிப்பு. ரவ பொறுத்தீங்கனா என் ஆடு. கேட்டுச்சுனா எனக்கு ஒரு வரி எழுதுங்க. எந்த ஊர்க்காரங்க பேசினாங்க, இன்னா சொல்ல வந்தாங்க, எந்த வார்த்தைக்கு அப்பால அவரு வந்தாரு. அந்த ஊர்ல உங்களுக்கு தெரிஞ்சவங்க இருந்தா, மிச்சத்த அவங்களாண்டயே கேட்டு எழுதுங்க. பவுனுக்கு நான் படிச்சி காட்டறேன்.